லிவர் பேஷண்டுக்கு என்ன சமைப்பது, எப்போது கொடுப்பது

லிவர் சரியில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பத்தியத்தோடு வந்துவிடுவார்கள். "கஞ்சி மட்டும் குடு. பருப்பு, முட்டை, கறி எதுவும் ஆகாது. எண்ணெயை அடியோட நிறுத்திடு." எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதை அப்படியே கடைப்பிடித்தால் சதை கரைந்து, எழுந்து நடக்கவும் தெம்பில்லாமல் போய்விடும். கல்லீரல் நோயாளிக்கு முதல் மருந்து போதுமான சாப்பாடு. இதைச் சமைப்பவருக்குப் புரியவைக்கத்தான் எழுதுகிறேன்.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஐ.சி.எஃப்-ல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிப்பழக்கமே கிடையாது. பல வருடச் சர்க்கரையும் லிவரில் படிந்த கொழுப்பும் சேர்ந்து சிரோசிஸில், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப்போகும் நிலையில், கொண்டுவந்து விட்டன. கொளத்தூரில் இருக்கும் என் அக்காவுக்கு வேறு கோளாறு. லிவருக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக்குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகி, பித்தம் சரியாக வடியாத நோய். டாக்டர்கள் பி.பி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டு பேருக்குமாகச் சமைத்துப் பழகியதில் தெரிந்துகொண்டது, 'லிவர் டயட்' என்று எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இல்லை என்பதுதான்.

அதனால் சமையலை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிரோசிஸ் வந்துவிட்டதா? வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருக்கிறதா? பித்தம் ஒழுங்காகக் குடலுக்கு வருகிறதா, அடைப்பு இருக்கிறதா? கிட்னியும் பொட்டாசியமும் எப்படி இருக்கின்றன? நீங்கள் கீழே படிக்கப்போவதில் எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பது இந்த நான்கு பதில்களில்தான் இருக்கிறது. வெறும் கொழுப்பு படிந்த லிவர், எடையும் அதிகம் என்றால் வழியே வேறு: சர்க்கரை, மைதா, பொரித்தது எல்லாவற்றையும் குறைத்து, நடந்து, உடல் எடையில் 7 முதல் 10 சதவீதத்தை மெதுவாகக் குறைத்தால் லிவர் நன்றாகவே தேறும். இந்தக் கட்டுரை அதைத் தாண்டிப் போனவர்களுக்கானது.

பட்டினி நேரத்தைக் குறையுங்கள்

கல்லீரல் நம் உடம்பின் மளிகை அலமாரி மாதிரி. சாப்பிட்டதில் ஒரு பங்கைச் சேமித்து வைத்து, இரவு நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கொடுக்கும். சிரோசிஸ் வந்த லிவரில் அந்தச் சேமிப்புக்கு இடம் குறைவு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கு அடுத்த வேளை என்றால், நடுவிலேயே கையிருப்பு தீர்ந்து, உடம்பு தன் சதையையே உடைத்து எரிக்க ஆரம்பிக்கிறது. நல்ல ஆரோக்கியமான ஒருவர் 2, 3 நாள் பட்டினி கிடந்தால் உடம்பு எந்த நிலைக்குப் போகுமோ, அந்த நிலைக்குச் சிரோசிஸ் நோயாளி ஒரே ராத்திரியில் போய்விடுகிறார்.

ஆகவே பகலில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போக வேண்டும். படுக்கப்போகும் முன் ஒரு சின்னச் சாப்பாடு கட்டாயம். அதில் 50 கிராம் அளவு மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் பத்து மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி. வறுத்து அரைத்த கேழ்வரகு, கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு. ஆவின் நீல பாக்கெட் பால் ஒரு தம்ளர் ஊற்றிக் காய்ச்சுவேன். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் வெல்லம் போடுவதில்லை, ஏலக்காய் மட்டும். கஞ்சி அலுத்துப்போனால் இரண்டு இட்லியும் ஒரு கப் தயிரும், இல்லையென்றால் சப்பாத்தியும் பாலும். சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த ராத்திரிச் சாப்பாட்டை டாக்டரிடம் சொல்லி, டோஸைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

விரதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏகாதசி, சஷ்டி, புரட்டாசி சனிக்கிழமை என்று முழு நாள் பட்டினி வேண்டாம். சாமி கும்பிடுவதற்கு உடம்பு இருக்க வேண்டும். அசைவத்தை விடலாம், வெங்காயம் பூண்டை விடலாம், வேளையை மட்டும் விடக்கூடாது. எண்டோஸ்கோபிக்கோ ஸ்கேனுக்கோ வெறும் வயிற்றில் வரச் சொன்னால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். முந்தின ராத்திரி படுக்கும்வரை சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெஸ்ட் முடிந்து சாப்பிட அனுமதித்ததும் கொடுக்க டப்பாவில் ஏதாவது கையோடு எடுத்துப் போங்கள். கேன்டீன் தேடி அலைவதற்குள் மதியம் ஆகிவிடும்.

பருப்பும் முட்டையும் எதிரி இல்லை

லிவர் கெட்டால் புரதம் கூடாது, மூளைக்கு நஞ்சு ஏறும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே குறைக்கச் சொன்னார்கள். இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பதுதான் இன்றைய கணக்கு. குழப்பம், பகலில் தூக்கம் என்று மூளை பாதிப்பு வந்து போனவர்களுக்கும் பொதுவாகப் புரதத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. அவர்களுக்குக் கறியைவிடப் பால், தயிர், பருப்பு, பயறு நன்றாக ஒத்துக்கொள்ளும். உடம்பில் சேரும் அம்மோனியாவை அகற்ற லிவர் தவறும்போது, நம் தசைதான் அந்த வேலையில் கை கொடுக்கிறது. தசை கரைந்தால் மூளைக்கும் கஷ்டம்.

எடை என்றால் நீர் கோத்த எடையை எடுக்கக்கூடாது. நீர் இல்லாதபோது என்ன எடை இருப்பார் என்று டாக்டர் சொல்லும் கணக்கையே எடுங்கள். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம் புரதம். கேட்கும்போது மலைப்பாக இருக்கும், நம் சாப்பாட்டிலேயே அது வந்துவிடும்.

ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6, 7 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 6, 7. துவரம்பருப்பு 30 கிராம் வேகவைத்தால் 6 கிராமுக்கு மேல். மீன் 100 கிராமில் 20 கிராம் அளவுக்கு. மீல்மேக்கர் உலர்ந்ததாக 25 கிராம் எடுத்தால் 12, 13 வரும். ஒரு இட்லியில் 2 கிராம்தான். அதனால்தான் வெறும் இட்லியும் காரச் சட்னியுமாக ஒரு வேளையைக் கழித்துவிடக்கூடாது.

எங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் இப்படிப் போகும். காலை எழுந்ததும் சர்க்கரை போடாத ஃபில்டர் காபி. (காபி லிவருக்கு நல்லது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபி குடிப்பவர்களுக்கு லிவரில் தழும்பு விழுவது குறைவாக இருக்கிறது. எனவே டிகாஷனுக்குத் தடை இல்லை, தூக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.) எட்டு மணிக்கு மூன்று இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினொரு மணிக்கு ஒரு கப் சுண்டல். கொண்டைக்கடலை ஒரு நாள், பச்சைப்பயறு ஒரு நாள், காராமணி ஒரு நாள். மதியம் சாதம், கூட்டு, ஒரு கப் தயிர், அதோடு மீன் குழம்பில் இரண்டு துண்டு, சைவ நாளில் மீல்மேக்கரோ பனீரோ. நாலு மணிக்குப் பாலும் வேர்க்கடலையும். ராத்திரி ஏழரைக்கு அடை. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி அரைத்த அடை எனக்குத் தெரிந்து லிவர் நோயாளிக்கு ஆகச் சிறந்த தமிழ்ச் சிற்றுண்டி. பத்து மணிக்குக் கஞ்சி. கூட்டிப் பார்த்தால் 80, 90 கிராம் வந்துவிடும்.

வேர்க்கடலை வாங்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து பாருங்கள். சென்னை ஈரப்பதத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் லிவர் புற்றுநோய்க்கே காரணமாகக்கூடிய நஞ்சு. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் குப்பையில் போடுங்கள்.

உப்பு: யாருக்கு, எவ்வளவு

வயிற்றில் நீர், காலில் வீக்கம் உள்ளவர்களுக்கு உப்புதான் பெரிய விஷயம். நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, அதாவது சமமாக வழித்த ஒரு டீஸ்பூன். பாலிலும் காய்கறியிலும் இயற்கையாகவே கொஞ்சம் சோடியம் இருப்பதால் நான் அவருக்கென்று காலையிலேயே முக்கால் ஸ்பூன் உப்பை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிடுவேன். அன்றைக்கு அவர் தட்டில் விழும் உப்பு எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். குழம்பு, பொரியல், கூட்டு எதுவானாலும் உப்பு போடும் முன் அவர் பங்கைத் தனியாக எடுத்துவிட்டு, மீதிக்கு எங்களுக்கு வேண்டிய உப்பு. இட்லி மாவையும் கரைத்ததும் உப்பு போடாமல் ஒரு பாத்திரம் தனியே எடுத்து வைப்பேன். புளித்து வருவதில் குறை ஒன்றும் இல்லை. கடை மாவு வாங்கினால் இந்த வசதி போய்விடும்.

ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர், நூடுல்ஸ் பாக்கெட், சாஸ், ரெடிமேட் சூப் இவை வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சோடியமும் உண்டு. போண்டா, பஜ்ஜிக்குப் போடும் ஆப்பச் சோடா, வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் ஈனோ, தண்ணீரில் பொங்கிக் கரையும் மாத்திரைகள், பேக்கரி ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றிலும் இருக்கிறது.

'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நீர் வடிய ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் அபாயம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கைதான். வெயிலுக்கு நல்லதுதானே என்று தினம் இரண்டு இளநீர் வாங்கிக் கொடுக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உப்பு குறைந்த சாப்பாட்டுக்கு ருசி கொண்டுவருவது சமைப்பவர் கையில் இருக்கிறது. எலுமிச்சை, புளி, மாங்காய், நாட்டுத் தக்காளி என்று புளிப்பைக் கூட்டினால் உப்பின் குறை பாதி மறையும். மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலையை நல்ல மணம் வரத் தாளியுங்கள். உப்பில்லாமல் அரைத்த எள்ளுப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பட்ட வழி, டப்பா உப்பைக் குழம்பில் கரைக்காமல் சாப்பிடும்போது பொரியலின் மேலே தூவுவது. நாக்கில் முதலில் படுவதால் குறைந்த உப்பே நிறையத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் உப்பில்லை என்று தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார் என்றால், கொஞ்சம் கூட உப்பு போட்டாவது சாப்பிட வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். சாப்பிடாமல் இருப்பது அந்தச் சிட்டிகை உப்பைவிடக் கெடுதல். நீரோ வீக்கமோ இல்லாதவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையே இல்லை. எல்லோருக்கும் சொல்லும் அளவான உப்பு போதும்.

பித்தம் வடியாதவர்களுக்கு

இனி அக்கா விஷயம். எண்ணெய், நெய், பால் கொழுப்பு எல்லாம் செரிக்கப் பித்தம் வேண்டும். பித்தம் குடலுக்குக் குறைவாக வந்தால் கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையாக, தண்ணீரில் மிதக்கும். கொழுப்போடு சேர்ந்து உடம்புக்குள் போக வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போய்விடும். கே குறைந்தால் பல் துலக்கும்போது ரத்தம், சின்ன இடிக்கே நீலம் பாரித்தல். டி குறைந்தால் எலும்பு தேயும். ஏ குறைந்தால் மாலை வெளிச்சத்தில் பார்வை மங்கும்.

இங்கேயும் எண்ணெயை அடியோடு நிறுத்துவது தவறு. மலம் சாதாரணமாக இருக்கிறது, எடையும் குறையவில்லை என்றால் வீட்டுச் சாப்பாடே சாப்பிடலாம். எண்ணெய்ப் பசையாகப் போகிறது என்றால் மொத்த எண்ணெயையும் ஒரே வேளையில் போடாமல் ஆறு வேளைக்குப் பிரித்துப் போடுங்கள். தாளிக்க ஒரு ஸ்பூன், தோசைக்கு அரை ஸ்பூன் என்று. பூரியும் வடையும் ஒரே தட்டில் வேண்டாம். அப்படியும் எடை இறங்கினால் எம்.சி.டி. என்ற ஒருவகை எண்ணெயை டயட்டீஷியன் எழுதிக் கொடுப்பார். பித்தத்தின் உதவி இல்லாமலேயே அது உடம்பில் சேரும். சாதாரணத் தேங்காய் எண்ணெயில் அந்த வகைக் கொழுப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் அதற்குப் பதில் இது என்று தேங்காய் எண்ணெயை ஊற்றாதீர்கள்.

வைட்டமின் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு, கொஞ்சம் எண்ணெய் இருக்கும் வேளையில் கொடுங்கள். அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பவுடர் குடிப்பவர்கள் நேரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது பித்த உப்பைப் பிடிப்பதோடு மற்ற மாத்திரைகளையும் வைட்டமின்களையும் பிடித்துக்கொள்ளும். மற்ற மருந்துகள் பவுடருக்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ. அக்கா ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: எந்த மணிக்குப் பவுடர், எந்த மணிக்கு மாத்திரை. எலும்புக்காகக் கேழ்வரகு, பால், தயிர், முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி. காசிமேட்டு மீன் வரும் நாளில் நெத்திலி வாங்கினால் அவள் பங்கு தனியே போய்விடும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள், நாமாகக் கேட்காவிட்டால் சில சமயம் விட்டுப்போகும்.

பித்தப்பைக் கல்லுக்கும் பித்தக்குழாய்க் கல்லுக்கும் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கல் வெளியே வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. வெளியே வருவது குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்ட கட்டிகள். கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கீழாநெல்லி, அரிஷ்டம், மாத்திரை

காமாலை என்றாலே கீழாநெல்லி நம் கைக்கு வந்துவிடும். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களிடம் கீழாநெல்லி வகைச் செடியைச் சோதித்து லான்செட் இதழில் எழுதினார்கள், உலகமே கவனித்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிவதால் பெயர் இலைக்குப் போகிறது. பித்தக்குழாய் அடைத்து வந்த காமாலைக்கு எந்த இலையும் வழி திறக்காது. மலம் வெளிறி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரித்தால் முதலில் ஸ்கேன் எடுங்கள். நாட்டு மருந்துக்காக வெளியூர் பஸ் ஏறிப் போகும் அந்த ஒரு வாரம் சிலருக்கு மிகப் பெரிய இழப்பாகிவிடுகிறது.

சீந்தில் குடித்த சிலருக்கு லிவர் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். சமையலில் போடும் மஞ்சள் தூளுக்குப் பயமில்லை. மஞ்சள் சாரத்தை அடைத்த காப்ஸ்யூல், கிரீன் டீ சாரம் போன்றவை வேண்டாம். அரிஷ்டம், ஆசவம் என்று முடியும் மருந்துகளில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கும். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு சொட்டு ஆல்கஹாலும் கூடாது, அது எந்தப் பாட்டிலில் இருந்து வந்தாலும். உடம்பு வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள். பாராசிட்டமாலுக்கும் அவருக்கான அளவை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் மீனும்

கேன் தண்ணீர், லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆறவைத்தே கொடுங்கள். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கும் தெருக்கள் நம் ஊரில் இருக்கின்றன. ஏற்கெனவே பழுதான லிவருக்கு இன்னொரு காமாலை தாங்காது. ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட கரும்புச் சாறு, பானி பூரி, வெட்டி வைத்த பழம் வேண்டாம். மீன், இறால், நண்டு நன்றாக வெந்திருக்க வேண்டும். அரைகுறையாக வெந்த கடல் உணவில் இருக்கும் சில கிருமிகள் சிரோசிஸ் உள்ளவர்களுக்கு உயிர் ஆபத்தாகும்.

நோட்டுப் புத்தகம்

தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்ததும், சாப்பிடும் முன், எடை பார்த்து எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ, இல்லை ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். டாக்டருக்கு போன் செய்யுங்கள். எடை ஏறியும் கன்னப்பொறி குழிந்து, கை மெலிந்து வந்தால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப் குடிப்பவருக்கு ஒரு நாளைக்கு 2, 3 முறை இளக்கமாகப் போக வேண்டும். அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கையெழுத்து கோணிப்போவது, பேச்சு குழறுவது எல்லாம் மூளைக்குச் சிரமம் தொடங்கும் அடையாளம், அன்றே காட்டுங்கள். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், பித்தக்குழாய் நோயாளிக்கோ அந்தக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தவருக்கோ குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கல்யாணம், காதுகுத்துக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. கிளம்பும் முன் வீட்டில் அரை வயிறு சாப்பிட வைத்துவிடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள், பசியோடு காத்திருந்தால் கை அப்பளத்துக்குப் போகும். இலையில் சாதம், பருப்பு, காய், தயிர், பாயசத்தில் சர்க்கரைக்கு ஏற்ற அளவு. ரசம், வத்தக்குழம்பு, ஊறுகாய் பரிமாற வரும்போது இலையின் மேல் கையை நீட்டி மறித்துவிடலாம். பையில் உப்பில்லாத சுண்டல் ஒரு டப்பா இருக்கட்டும். திரும்பி வரும் வழியில் டிராஃபிக்கில் மாட்டினால் அடுத்த வேளைக்கு அது உதவும்.